குருதியிற் சீனியும் குற்றத் தீர்ப்பும்

சலரோகம் புகுந்த வீடுகளிலே காலையில் விசாரிக்கப்படும் முதற் செய்தி நாட்டு நடப்பன்று, ஓர் எண். விரல் நுனியிற் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதியைப் பார்த்து ஒரு சிறு கருவி சொல்லும் எண். 130 என்றால் வீடு மகிழ்கிறது. 280 என்றால் எல்லோருடைய கண்களும் நோயாளியின் பக்கம் திரும்புகின்றன. "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் மகளாயிருக்கலாம், மருமகளாயிருக்கலாம், கடல் கடந்து தொலைபேசியிற் பேசும் மகனாயிருக்கலாம். தொனி ஒன்றுதான். அது வைத்தியர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியன்று; பரீட்சையிற் புள்ளி குறைந்த பிள்ளையிடம் தகப்பன் கேட்கும் கேள்வி.

குருதியிலே சீனி கூடுவது ஒரு குற்றமா? குறைவது ஒரு புண்ணியமா? இப்படிக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் நாம் நடந்துகொள்ளும் முறையைப் பார்த்தால், "ஆம்" என்றே பதிலளித்துவிட்டவர்கள்போல இருக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்து, இயந்திரத்தாற் குருதியைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் சிகிச்சையிலே இருக்கும் சலரோகக்காரருடைய வீட்டில் இந்தத் தீர்ப்பு ஆபத்தாகவும் முடிகிறது. ஆகவே இக்கேள்வியைச் சற்று நின்று ஆராய்வது பயனற்ற வேலையாகாது.

ஒரு வீட்டை மனதிலே கற்பனை செய்துகொள்வோம். அறுபத்திரண்டு வயதுள்ள தாய். இருபது வருடச் சலரோகம். கால்கள் வீங்கின, மூச்சு வாங்கியது, ஈற்றில் டயலிசிஸ் தொடங்கியாயிற்று. வாரத்தில் இரண்டு, மூன்று தடவை வைத்தியசாலைக்குப் போய், ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். சில மாதங்கள் சென்றபின் வீட்டார் ஓர் அதிசயத்தைக் காண்கிறார்கள். எத்தனையோ வருடங்களாக 220, 250 என்று நின்ற சீனி இப்பொழுது 110, 105 என்று இறங்கி நிற்கிறது. "கடைசியில் அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது, வாயைக் கட்டப் பழகிவிட்டா" என்று பிள்ளைகள் பூரிக்கிறார்கள். அவரும் முகமலர்ச்சியோடு அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்கிறார். வாழ்நாளிலே சீனிக்காக அவருக்குக் கிடைத்த முதற் பாராட்டு அதுவல்லவா!

பின்பு ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு அவர் கட்டிலில் எழுந்திருந்து சம்பந்தமில்லாமற் பேசுகிறார். மகள் தண்ணீர் கொடுத்தால் தட்டிவிடுகிறார், ஏசுகிறார். "இந்த வயசில இவவுக்கு என்ன பிடிவாதம்!" என்று மகள் சலித்துக்கொள்கிறாள். நல்லகாலமாக வீட்டில் ஒருவருக்குக் கருவியின் நினைவு வருகிறது. குத்திப் பார்த்தால் 41.

இங்கே நிகழ்ந்தது என்ன? நாம் ஊசியால் ஏற்றும் இன்சுலின் வேலை செய்து முடிந்தபின் அதை உடைத்து அகற்றும் வேலையிற் பெரும்பங்கு சிறுநீரகத்துக்குரியது. சிறுநீரகம் படுத்துவிட்டால் அதே இன்சுலின் உடம்பிலே நெடுநேரம் தங்கி நின்று சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அதுமட்டுமன்று. நாம் பட்டினியாய் இருக்கும் வேளைகளில் ஈரலோடு சேர்ந்து சிறுநீரகமும் புதிதாகச் சீனியை உண்டாக்கிக் குருதிக்குக் கொடுக்கிறது. அந்தக் கொடையும் நின்றுவிடுகிறது. நோயாளிக்குப் பசியும் குறைகிறது, உடம்பு மெலிகிறது. இவை எல்லாம் ஒன்றுசேர, முன்பு 40 அலகு இன்சுலின் வேண்டியிருந்தவருக்கு இப்பொழுது அதிற் பாதியே போதுமாயிருக்கலாம். சிலருக்கு ஊசியே வேண்டியதில்லை என்ற நிலையும் வருகிறது. இதை வைத்தியர்கள் 'எரிந்து தணிந்த சலரோகம்' என்று சொல்வதுண்டு.

ஆக, அந்தத் தாயின் 105 அவருடைய வாயடக்கத்தின் பரிசன்று. சிறுநீரகம் இறந்துபோனதன் அடையாளம் அது. வீட்டார் கொண்டாடியதே ஓர் அபாய அறிவிப்பைத்தான்.

இதை ஒப்புக்கொண்டால் நாம் பின்னோக்கியும் சிந்திக்க வேண்டியவர்களாகிறோம். இன்றைய நல்ல எண் அவருடைய புண்ணியம் அன்றென்றால், அன்றைய 250 முழுவதும் அவருடைய பாவந்தானா? காய்ச்சலும் கிருமித் தொற்றும் சீனியை ஏற்றும். ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்து ஏற்றும். உறக்கமின்மை ஏற்றும், துக்கம் ஏற்றும். நெடுநாட் சலரோகத்தால் இரைப்பையின் நரம்புகள் தளர்ந்துவிட்டால், உண்ட சோறு எப்பொழுது இறங்கும் என்பதே தெரியாது. ஊசி ஒரு நேரத்தில் வேலை செய்ய, உணவு வேறொரு நேரத்தில் வந்து சேரும். ஒருவர் அளவோடுதான் உண்டார். ஆயினும் எண் ஏறிக்குறைந்தது. அவர் அதைச் சொன்னபோது யார் நம்பினார்கள்?

இதிலும் தெளிவான சாட்சி ஒன்றுண்டு. இயந்திரத்துக்குப் பதிலாக வயிற்றுக்குள் திரவம் விட்டெடுத்துச் சுத்திகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அந்தத் திரவத்திலே நீரை இழுப்பதற்காகக் குளுக்கோஸ் கலக்கப்பட்டிருக்கும். 4.25 வீதத் திரவம் 2 லீற்றர் கொண்ட ஒரு பையில் ஏறக்குறைய 85 கிராம் குளுக்கோஸ் உண்டு. அதில் ஒரு பெரும்பகுதி வயிற்றுச் சவ்வினூடாகக் குருதியிற் சேர்கிறது. இந்த நோயாளி ஒரு வாய் இனிப்பும் தொடாமலிருந்தாலும் சீனி கூடும். சிகிச்சையே சீனியை ஊட்டுகிறது. இவரிடமும் "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றுதான் கேட்கப் போகிறோமா?

எண்ணை நம்பித் தீர்ப்பளிப்பவர்களுக்கு இன்னுமொரு சங்கடம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற பரிசோதனையை நம்மில் அநேகர் அறிவர். செங்குருதிக் கலங்கள் ஏறக்குறைய 120 நாட்கள் வாழும் என்ற கணக்கின்மேலே கட்டப்பட்ட பரிசோதனை அது. டயலிசிஸ் நோயாளிகளில் அக்கலங்கள் அத்தனை நாள் வாழ்வதில்லை. குருதிச்சோகைக்காகப் போடப்படும் எரித்ரோபொயெற்றின் ஊசி புதுக் கலங்களைப் பிறப்பிக்கிறது. இடையிலே பிறருடைய குருதியும் ஏற்றப்படலாம். இளங் கலங்களிலே சீனி படிவதற்குக் காலம் போதாது. ஆகவே 6.5 என்று வரும் அறிக்கை உண்மையிலே அதைவிடக் கூடிய சீனியை மறைத்துக்கொண்டிருக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு அந்த உடம்பிலே சரியான விடை இல்லை, அவ்வளவுதான். இதனாலேதான் விரலிற் குத்திப் பார்க்கும் அன்றாட எண்களையும், வசதியுள்ள இடங்களில் தோலிலே ஒட்டி இரவும் பகலும் அளக்கும் கருவியையும் வைத்தியர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நோயாளியின் தகுதியை எடைபோடும் பழக்கம் டயலிசிஸ் சிகிச்சையோடு கூடவே பிறந்தது என்றால் வாசகர் வியக்கலாம். 1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே டொக்டர் பெல்டிங் ஸ்கிறிப்னர், கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்லோன் குழாயொன்றைப் பொருத்தினார். அதுவரை சில தடவைகளுக்கு மேல் ஒருவரை இயந்திரத்தோடு இணைக்க இயலாதிருந்தது. இக்குழாயினால் எத்தனை தடவையும் இணைக்கலாமென்றாயிற்று. சாவின் வாயிலிருந்த ஷீல்ட்ஸ் மேலும் பதினொரு வருடங்கள் வாழ்ந்தார். ஆனால் இயந்திரங்களோ மிகச் சில. சாகக் கிடந்தவர்களோ பலர். யாரைத் தெரிவது? ஏழு பேர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. ஒரு சட்டத்தரணி, ஒரு மதபோதகர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். இவர்கள் நோயாளியின் வருமானம், கல்வி, தொழில், குடும்பப் பொறுப்பு, மனவுறுதி முதலியவற்றைப் பரிசீலித்து, இவர் வாழலாம், அவர் சாகலாம் என்று தீர்மானித்தார்கள். 1962 நவம்பரில் 'லைஃப்' சஞ்சிகை இதனை வெளியிட்டபோது பலர் அதிர்ச்சியடைந்தனர்.

அந்தக் குழுவின் முன்னே சலரோகக்காரர் போய் நிற்கவும் முடியவில்லை. அவர்களுடைய குருதிக்குழாய்களும் கண்களும் ஏற்கெனவே கெட்டிருப்பதால் சிகிச்சை பயன்படாதென்று வைத்தியர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1972இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த வருடம் தொடக்கம் அங்கே சிறுநீரகம் செயலிழந்தோர் அநேகமாக எல்லோருக்கும் செலவை அரசாங்கம் ஏற்றபோதுதான் அந்தக் கதவு அகலத் திறந்தது. இன்று பல நாடுகளில் டயலிசிஸ் கட்டில்களிலே படுத்திருப்போரில் மிகப் பெரிய கூட்டம் சலரோகக்காரரே. நமது நாட்டிலும் அரசாங்க வைத்தியசாலையில் அந்தக் கட்டிலுக்குப் பணம் கேட்பதில்லை, நற்சான்றிதழும் கேட்பதில்லை. சியாற்றில் குழு கலைந்துபோய்விட்டது. ஆனால் நமது சாப்பாட்டு மேசையைச் சுற்றி அது இன்னும் கூடுகிறதோ என்று எனக்கு ஐயமுண்டு.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்க நியாயம் ஒன்றிருக்கிறது, அது இலேசானதன்று. "கண்டிப்பு இல்லாவிட்டால் அப்பா எப்பொழுதோ போயிருப்பார். குற்றஞ் சொல்லாதே என்கிறீர்கள். அப்படியானால் எதையும் தின்னட்டும் என்று விட்டுவிடுவதா?" என்று ஒரு மகன் கேட்கலாம். இல்லை. சீனி கூடுவதனால் வரும் தீங்கு டயலிசிஸ் நோயாளிக்கு மற்றவர்களிலும் பார்க்கக் கொடியது. மற்றவர்களில் மிதமிஞ்சிய சீனி சிறுநீரோடு வெளியேறும். சலமே போகாதவருக்கு அந்த வடிகால் இல்லை. சீனி ஏறினால் நா வறளும். தாகம் தாங்காமற் குடிப்பார். குடித்த நீர் போக வழியின்றி நெஞ்சிலே தேங்கும். அடுத்த டயலிசிஸ் தினத்தில் நான்கு கிலோ நீரோடு வந்து சேருவார். அதை நான்கு மணித்தியாலத்தில் இழுத்தெடுக்கும்போது இரத்த அழுத்தம் விழும், கால் குறண்டும், இருதயம் களைக்கும். இன்னும், உயர்ந்த சீனி கலங்களுக்குள்ளிருக்கும் பொட்டாசியத்தையும் குருதிக்கு இழுத்துவரும். அது இருதயத் துடிப்பையே குழப்பவல்லது. கண்ணும் காலும் கெடுவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே கட்டுப்பாடு வேண்டும். எந்த அளவு என்பதே கேள்வி. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பர் 24ஆந் திகதி மயக்கமருந்து வைத்தியர்களுக்கு நிகழ்த்திய உரையிலே இதற்குப் பொருந்தும் ஓர் அளவுகோலைத் தந்தார். உயிரையும் உடல்நலத்தையும் பேணுவது மனிதனுக்குக் கடமை. ஆனால் ஆள், இடம், காலம் என்பவற்றுக்கேற்ப, தனக்கோ பிறர்க்கோ கடும் பாரமாகாத சாதாரண வழிகளைக் கைக்கொள்ளவே பொதுவாக அவன் கடமைப்பட்டவன் என்பது அவர் கருத்து. அவர் பேசியது மூச்சு இயந்திரத்தைப் பற்றி. எனினும் புட்டும் இடியப்பமும் பற்றிப் பேசும்போதும் அது உதவும். அளந்த உணவு, வேளைக்கு ஊசி, ஒழுங்கான பரிசோதனை ஆகியவை சாதாரண வழிகள். எழுபது வயதானவரை எப்பொழுதும் 100இலேயே நிறுத்த வேண்டுமென்று நாளுக்கு எட்டுத் தடவை குத்துவதும், பசியோடு படுக்க வைப்பதும், இரவெல்லாம் வீட்டை விழித்திருக்கச் செய்வதும் அந்த வகையிற் சேருமா?

வைத்திய சாஸ்திரமும் இங்கே கண்டிப்பின் பக்கம் முழுமையாகச் சாயவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 சலரோகக்காரரை இரு பிரிவாக வைத்து நடத்திய 'அக்கோர்ட்' என்ற ஆய்விலே, ஒரு பிரிவினரின் எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்க முயன்றார்கள். அந்தப் பிரிவிலே 257 பேர் இறந்தார்கள். இலேசான கட்டுப்பாட்டில் இருந்தோரில் 203 பேர். 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்தக் கடும் சிகிச்சையை இடைநடுவில் நிறுத்தினார்கள். அவர்கள் டயலிசிஸ் நோயாளிகளல்லர். டயலிசிஸ் நோயாளிகளோ இன்னும் நலிந்தவர்கள். அவர்களைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வுகளிலும், சீனி மிகக் கூடியவர்களோடு மிகக் குறைந்தவர்களும் கூடுதலாக இறப்பதே காணப்பட்டது. பல வைத்தியர்கள் இப்பொழுது 7க்கும் 8க்கும் இடைப்பட்ட எச்பிஏ1சியோடு அமைதியடைவதும், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இலக்கு வைப்பதும் இதனால்தான். இறுக்கமான கட்டுப்பாட்டின் நன்மை வருவதற்குப் பல வருடம் செல்லும். 41 என்ற எண்ணின் தீமையோ ஓர் இரவிலேயே வந்துவிடும்.

குற்றஞ்சாட்டலின் மிகப் பெரிய கேடு பொய். திட்டு வாங்கிய நோயாளி மறைக்கப் பழகுகிறார். பேத்தியின் பிறந்தநாளன்று அம்மம்மா ஒரு துண்டு கேக்கைச் சீலைத் தலைப்பிலே மறைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறார். காலையில் 270. "ஒண்டும் சாப்பிடேல்லை மோனை" என்கிறார். அதை நம்பி ஊசியைக் கூட்டுகிறார்கள். அடுத்த நாள் கேக் இல்லை. கூட்டிய ஊசி மட்டும் இருக்கிறது. அன்று டயலிசிஸ் நாளுமாயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இயந்திரத்தில் ஓடும் திரவத்திலே வழக்கமாக லீற்றருக்கு 1 கிராம் அளவுதான் குளுக்கோஸ் இருக்கும். குருதியில் அதைவிடக் கூடுதலாயுள்ள சீனி அந்தத் திரவத்துக்குப் போய்விடும். எண் மளமளவென்று இறங்கும். இந்தச் சங்கிலியிலே முதற் கண்ணி எது? கேக்கா, பொய்யா, அந்தப் பொய்யைச் சொல்லவைத்த பயமா? கேக் தின்றதற்கு அம்மம்மாதான் பொறுப்பு. அதை அவரே ஒப்புக்கொள்ளக்கூடிய வீடாக அது இல்லாமற் போனதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல.

"ஓம் பிள்ளை, ஒரு துண்டு சாப்பிட்டனான்" என்று சொல்லக்கூடிய வீட்டில் வைத்தியரின் கணக்குப் பிழைப்பதில்லை.

இன்னொரு பொய்யும் உண்டு. அது பக்தியின் உடையிலே வருகிறது. தபசு காலத்தில், சீனி விழும் என்று தெரிந்தும், ஒருவருக்கும் சொல்லாமல் ஒருசந்தி இருக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். காலையில் ஊசியைப் போட்டுக்கொள்வார்கள். உணவை மாத்திரம் விட்டுவிடுவார்கள். நோயாளியை ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்துவதில்லை. நல்ல சுகமுள்ளவரைக்கூட அறுபதாவது வயது தொடங்கியதும் திருச்சபைச் சட்டம் விட்டுவிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது தவமாகாது. பெரிய வெள்ளிக்கிழமையன்றும் அந்தத் தாய் வேளைக்குச் சாப்பிடட்டும். பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து முகஞ் சுளியாதிருக்கட்டும்.

உணவைப் பற்றியும் ஒன்று. டயலிசிஸ் தொடங்குமுன் மீன், இறைச்சி, முட்டையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கியபின் அந்தச் சட்டம் மாறுகிறது. சுத்திகரிப்பிலே புரதமும் இழக்கப்படுவதால், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 தொடக்கம் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். பழைய தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, மீன் கேட்கும் நோயாளியை "வாய்க்கு ருசி தேடுகிறார்" என்று கண்டிக்கும் வீடுகள் உண்டு. பழைய மருந்துப் பேணியையும் அவ்வாறே பார்க்க வேண்டும். மெற்போமினும் கிளிபென்கிளமைட்டும் டயலிசிஸ் நோயாளிக்கு ஆகாதவை. வைத்தியர் நிறுத்திய பின்னும் "மிச்சம் கிடக்கு, வீணாக்கக் கூடாது" என்று விழுங்கக் கொடுக்கக்கூடாது.

சீனி விழுந்ததென்றால் நடுக்கமும் வியர்வையும் வரும் என்று படித்திருப்போம். நெடுநாட் சலரோகக்காரருக்கும், இருதயத்துக்குச் சிலவகை மாத்திரைகள் எடுப்போருக்கும் அவை வராமலே போகலாம். வருவது கோபம், குழப்பம், பிடிவாதம், அழுகை. நாம் குணக்கேடென்று நினைப்பது சில வேளைகளில் 41 ஆயிருக்கலாம். அதனால், ஏசுமுன் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணீரிற் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். செவ்விளநீரும் தோடம்பழச் சாறும் வேண்டாம். அவற்றிலுள்ள பொட்டாசியம் இந்த நோயாளிக்கு நஞ்சு. எண் ஏறியபின் ஒரு துண்டுப் பாண் கொடுக்கலாம். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தத் தாய் சீனித் தண்ணீரைக் குடித்து, இருபது நிமிடத்தில் தெளிந்து, தான் என்ன பேசினேன் என்று கேட்கிறார். மகள் சொல்லவில்லை. விடிந்ததும் கிளினிக்குக்குப் போய் ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். கடல் கடந்த மகன் அன்றிரவு தொலைபேசியில் வழக்கம்போல, "அம்மா, இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்கிறான். "நூற்றி எழுபது" என்கிறார் தாய், சற்றுத் தயங்கி.

"நல்லது அம்மா," என்கிறான் மகன். "சாப்பிட்டியளோ?"